கம்பெனி வாசலுக்கு வந்த தண்ணீர்

நாகமரத்தூரின் கிணறுகளிலும் ஆழ்துளைகளிலும் இருந்த தண்ணீர் முழுவதும், ஒரு புரட்டாசி மாதக் காலையில், சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போனவர்கள் திரும்பிவரும் நேரத்தில், மேலே ஏறிவந்து, அவரவர் காடு தோட்டங்களின் வரப்பைத் தாண்டி, வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரிகளில் இறங்கி, மெயின் ரோட்டில் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டு, பல வருசமாகப் பூட்டிக் கிடந்த சென்னியப்பனின் முலாம் கம்பெனி வாசலில் போய் நின்றது. அது ஓடவில்லை, பரவவும் இல்லை. சுவரோ தொட்டியோ எதுவும் பிடித்துக்கொள்ளாமல், வளர்ந்த தென்னையின் உயரத்துக்கு, ஒரு கல்யாண மண்டபத்தின் அகலத்துக்கு, ஷிப்டுக்கு வந்தவர்கள் கேட் திறக்கக் காத்து நிற்பதுபோல நின்றது. மஞ்சளைக் கரைத்துவிட்ட மாதிரி நிறம். வெயில் ஏற ஏற அதன் வழியாக வந்த வெளிச்சம் எதிரே இருந்த கிட்டானின் டீக்கடைமேல் விழுந்து, பால் சட்டியையும் பன் வைத்த பாட்டில்களையும் உட்கார்ந்திருந்தவர்களின் வேட்டிகளையும் ஒரே நிறமாக்கியது. கிட்டான் கடையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டான்.

மோட்டார் போட்டவர்களுக்குக் காற்றுதான் வந்தது. கிணற்றை எட்டிப் பார்த்தவர்கள் அதுவரை யாரும் பார்த்திராத அடிப்பாறையைப் பார்த்தார்கள். பிறகு தங்கள் தண்ணீர் எங்கே போயிற்று என்று விசாரித்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்கள். எது யாருடைய தண்ணீர் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லையே தவிர, அதற்குள் தொங்கிக்கொண்டிருந்த சாமான்களை ஊர் அடையாளம் கண்டுகொண்டது. பாட்டன் காலத்திலிருந்து கிணற்றில் விழுந்த குடங்களும் வாளிகளும், கயிறு அறுந்துபோன மோட்டார்களும், ஒரு சைக்கிளும், ஒற்றைக் கொலுசும், யாரோ கோபத்தில் வீசிய டிரான்சிஸ்டரும் ஆளுயரத்திலும் அதற்கு மேலும் அசையாமல் நின்றன. ஒரே அண்டாவுக்கு இரண்டு வீட்டுக்காரர்கள் உரிமை கொண்டாடினார்கள். மாமனார் போட்ட கைக்கடிகாரத்தைத் திருடன் கொண்டுபோய்விட்டான் என்று சொல்லியிருந்த பஞ்சாயத்துத் தலைவர், அது கண்ணெதிரே தொங்குவதை மனைவி பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியதாயிற்று. கை எட்டியவரைக்கும் எடுத்துக்கொண்டார்கள். எடுத்த கை அரித்தது.

அந்த ஊருக்கு வரும் டவுன் பஸ் முதல் நாள் தண்ணீருக்கு முன்னால் நின்று ஹாரன் அடித்தது. தண்ணீர் காம்பவுண்டுச் சுவரோடு ஒடுங்கிக்கொண்டு வழிவிட்டது. மறுநாளிலிருந்து டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை, கண்டக்டர் விசில் ஊதினால் போதுமென்றாகிவிட்டது. நெடுஞ்சாலை ஆட்கள் வந்து டேப் பிடித்து அளந்து, ரோட்டில் நிற்பதால் இது ஆக்கிரமிப்பு என்றார்கள். ரெவின்யூ ஆட்கள், ஆக்கிரமித்தவருக்குக் கதவு எண் இல்லாததால் நோட்டீஸ் ஒட்ட வழியில்லை என்றார்கள். டிவிக்காரர்கள் வந்து காமிராவை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். தண்ணீர் நின்றதைத் தவிர வேறொன்றும் செய்யாததால் போய்விட்டார்கள். ஐப்பசியில் அச்சடித்த கல்யாணப் பத்திரிகைகளில் மண்டபத்துக்கு வழியாக, தண்ணீரிலிருந்து இடதுபுறம் என்று போட்டார்கள். யாரோ ஒரு பெண் அதன் காலடியில் செவ்வரளிப் பூ வைத்துக் கற்பூரம் காட்டத் தொடங்கியபோது, கூட்டத்திலிருந்து மயிலாத்தாள் வந்து அந்தப் பூவை எடுத்துத் தள்ளிப் போட்டாள்.

"இது சாமியில்லீங்க. நோவு கண்டு வந்து நிக்குது. பூ வெக்காதீங்க" என்றாள்.

அவளுக்கு அதைச் சொல்ல உரிமை இருந்தது. கம்பெனியை ஒட்டிய முதல் காடு அவளுடையது. சென்னியப்பன் அவளுடைய கூடப் பிறந்த தம்பி. பஸ் கம்பிகள், குழாய்கள், சைக்கிள் ஹேண்டில்பார்கள், மோட்டார் பாகங்கள் எல்லாம் கறுத்து மங்கி அந்தக் கம்பெனிக்குள் போய், முகம் பார்க்கிற பளபளப்போடு வெளியே வந்த காலம் ஒன்று இருந்தது. ஊரில் பாதிப்பேர் அங்கே வேலை செய்து வீட்டுக்கு ஓடு மாற்றினார்கள், வண்டி வாங்கினார்கள். தொட்டிகளைக் கழுவிய மஞ்சள் தண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் சுத்தம் செய்வதற்கென்று ஒரு மெஷின் இருந்தது, அதிகாரிகள் வரும் நாளில் அது ஓடும். மற்ற நாட்களில் அந்தத் தண்ணீர் எல்லாம் குழாய் வழியாகப் பின்புறம் வறண்டுபோன ஆழ்துளைக்குள் இறங்கும். இது ரகசியமில்லை. குழாயைப் பிடித்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள்தான்.

மயிலாத்தாளின் புருசன் ராக்கியப்பன் அங்கே குரோம் தொட்டியில் வேலை பார்த்தார். மேலே எழும் ஆவியை வருசக்கணக்கில் சுவாசித்து அவருக்கு மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை விழுந்து, வாசனை என்பதே இல்லாமல் போயிற்று. குழம்பு தாளிக்கும்போது அவள் அடுப்படியிலிருந்தே இன்னது போட்டிருக்கிறேன், இப்படி மணக்கிறது என்று சொல்லுவாள். அவர் தலையாட்டிக்கொண்டு கேட்பார். பின்னால் தென்னைகள் குருத்து மஞ்சளாகிக் காய் சிறுத்தன, சினை மாடுகள் நாள் நிறையுமுன்பே கன்று வீசின, மடை மாற்றிய அவளுடைய கெண்டைக்காலில் ஆறாத புண் வந்தது. கிணற்றிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுபோய்த் தம்பியின் மேசைமேல் அவள் வைத்தபோது, இப்போதெல்லாம் எந்த ஊரில் அக்கா தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று அவன் கேட்டான். அவள் சொம்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு பேசவில்லை. மகள் கல்யாணத்தில் தாய்மாமன் உட்கார வேண்டிய இடத்தில் யாரையும் உட்காரவிடாமல் அப்படியே காலியாக வைத்துச் சடங்கை முடித்தாள். ஆர்டர்கள் குறைந்து கம்பெனியை மூடிவிட்டுச் சென்னியப்பன் கோயம்புத்தூரில் அப்பார்ட்மெண்ட் வாங்கிப் போனபோதும், அவள் ரோட்டுப் பக்கம் வரவில்லை.

மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசிலிருந்து ஜெசிந்தா என்ற இன்ஜினியர் வந்தாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண். தண்ணீரைச் சுற்றி நிதானமாக நடந்து பார்த்து, பாட்டில்களில் பிடித்துக்கொண்டு போய், அடுத்த வாரம் திரும்பிவந்து, குரோமியமும் நிக்கலும் இவ்வளவு இருக்கிறது என்று பஞ்சாயத்தில் விளக்கினாள். எல்லா ஊரிலும் கெட்ட தண்ணீர் பாறைக்குள் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடவே பாதி ஆயுள் போய்விடுகிறது, இங்கே அதுவே வெளியில் வந்து நிற்பதால் பெரிய வேலை முடிந்த மாதிரிதான் என்றும் சொன்னாள். அன்னபேதி உப்பைக் கலந்தால் மஞ்சள் பச்சையாகும், சுண்ணாம்பு கலந்தால் பச்சை திப்பியாகக் கீழே இறங்கும், மேலே நிற்பதை மணலிலும் கரியிலும் வடிக்க வேண்டும். அதற்குத் தொட்டிகள் தேவை. தொட்டிகள் கம்பெனிக்குள்ளேயே இருக்கின்றன.

கலெக்டர் உத்தரவோடு பூட்டை அறுத்தார்கள். கேட்டை விரியத் திறந்து வைத்தார்கள். தண்ணீர் உள்ளே போகவில்லை. பம்பு வைத்து உறிஞ்சினார்கள், குழாயில் காற்று வந்தது. குடத்தில் மொண்டு உள்ளே கொண்டுபோனவர்கள் தொட்டியில் கவிழ்த்தால் குடம் வெறுமையாக இருந்தது, மொண்ட தண்ணீர் எப்போதோ திரும்பிப்போய் மற்றதோடு நின்றுகொண்டிருந்தது. கார்த்திகை பிறந்தது. லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நின்றன, காடுகள் காய்ந்தன, மாடுகளை விற்கத் தொடங்கினார்கள்.

சென்னியப்பன் வந்து திறந்தால்தான் தண்ணீர் உள்ளே போகும்போலிருக்கிறது என்று முதலில் சொன்னவர் யாரென்று தெரியவில்லை. ஆனால் சொன்னதும் எல்லாருக்கும் அது ஏற்கெனவே தெரிந்த விசயம் மாதிரி இருந்தது. பூட்டு அறுத்த கேட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் பூட்டினார்கள். சென்னியப்பனோ ஊர்க்காரர்கள் போனை எடுப்பதில்லை, அரசாங்க ஆபீஸ் போனையும் எடுப்பதில்லை. ஆகவே பஞ்சாயத்துத் தலைவரும் இன்ஜினியரும் இன்னும் சிலரும் மயிலாத்தாள் வீட்டுக்கு வந்தார்கள். அவள் எல்லாருக்கும் உட்காரப் பாய் போட்டாள். வந்தவர்கள் சொன்னதை முழுக்கக் கேட்டாள். பிறகு, காலில் புண்ணோடு நான் சொம்பைத் தூக்கிக்கொண்டு போனபோது நீங்களெல்லாம் அவன் கம்பெனியில்தான் வேலைக்கு நின்றுகொண்டிருந்தீர்கள், அன்றைக்கு ஒருத்தரும் என்னோடு வரவில்லையே என்று குரலை உயர்த்தாமல் கேட்டாள். ராக்கியப்பனும்தான் அன்றைக்கு அங்கே வேலைக்கு நின்றார். அவர் எழுந்து வெளியே போய் மாட்டுக்குச் சோளத்தட்டு அள்ளிப் போட்டார்.

அவர்கள் போன பிறகு மயிலாத்தாள் கிணற்று மேட்டில் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் இல்லாத கிணறு அவள் அதுவரை நினைத்திராத அளவுக்கு ஆழமாக இருந்தது. கெட்ட தண்ணீராக இருந்தாலும் அது கீழே கிடக்கிறது என்ற நினைப்பில்தான் இத்தனை வருசம் தன் கோபத்தையும் காப்பாற்றி வந்திருக்கிறாள் என்று அவளுக்குத் தோன்றியது. வீட்டுக்குள் வந்து புருசனிடம் போனை வாங்கினாள். மறுமுனையில் முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அக்கா" என்றான்.

"உன்ற கம்பெனி வாசல்ல தண்ணி வந்து நிக்குது. வந்து கேட்டத் தெற" என்றாள். அவன் ஏதோ சொல்ல ஆரம்பிக்குமுன் போனைப் புருசன் கையில் கொடுத்துவிட்டாள்.

சென்னியப்பன் மறுநாள் காலை பஸ்ஸில் வந்தான். கார் வைத்திருந்தவன் எதனால் பஸ்ஸில் வந்தான் என்று யாரும் கேட்கவில்லை. தலை நரைத்து, முன்பிருந்ததைவிட ஒரு சுற்று இளைத்திருந்தான். தண்ணீருக்கு முன்னால் வந்து நின்று அண்ணாந்து பார்த்தான். அதன் பரப்பில் அவன் முகம் தெரிந்தது, கம்பெனி பெயர்ப்பலகையும் தெரிந்தது. ஊர் முழுக்க ரோட்டோரம் நின்றது. ஒருத்தரும் வையவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. தலைவர் புதுப் பூட்டின் சாவியை நீட்டினார். அவன் வாங்கித் திறந்து, துருப்பிடித்த கேட்டைத் தோள் கொடுத்துத் தள்ளி, ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றான். தண்ணீர் தலை குனிந்து உள்ளே போயிற்று. முற்றம், தொட்டிகள், ஷெட், பழைய பாய்லர் அறை என்று கிடைத்த இடத்திலெல்லாம் அமைதியாக உட்கார்ந்துகொண்டது.

வேலை தொடங்கியது. தனக்கிருந்த வீட்டு மனைகளைச் சென்னியப்பன் விற்றான், மீதியை அரசு கொடுத்தது. முதல் வாரம் எல்லாம் சரியாக நடந்தது. வார முடிவில் மனைவியைப் பார்க்க அவன் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறியதும், தண்ணீர் எழுந்து வெளியே வந்து பழையபடி ரோட்டில் நின்றுகொண்டது. பாதி வழியில் இறங்கித் திரும்பிவந்தான். அதிலிருந்து அவன் எங்கேயும் போகவில்லை. ஆபீஸ் அறையில் ஒரு கட்டில் போட்டுக்கொண்டான். மனைவி ஞாயிற்றுக்கிழமைகளில் சர்க்கரை மாத்திரையும் துவைத்த துணியும் கொண்டுவருவாள். முதலில் அழுதாள், அப்புறம் அவளும் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு மணல் சலித்தாள்.

அன்னபேதி மூட்டைகள் வந்தன, சுண்ணாம்பு வந்தது. ஜெசிந்தா சொல்லிக் கொடுத்த அளவில் கலந்து, துடுப்பால் கலக்கி, மஞ்சள் பச்சையாவதையும் பச்சை கலங்கிப் படிவதையும் பார்த்துக்கொண்டு நிற்பதே அவனுக்குப் பொழுதாயிற்று. சில நாள் படியாது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஊர்க்காரர்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு, முன்பு அங்கே வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து, கேட்காமலேயே ஆளுக்கொரு துடுப்பை எடுத்துக்கொண்டார்கள். குழாய் பிடித்த கைகள் என்பதால் அதைப் பற்றி அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளவில்லை.

ராக்கியப்பனும் ஒரு நாள் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மயிலாத்தாள் வாசலில் நின்று கேட்டாள்.

"ஏனுங்க, அங்க போயி மூக்க விட்டது பத்தாதுங்களா?"

"மூக்குப் போனது போச்சு" என்றார் அவர். "அங்க கெடக்கறது நம்ம கெணத்துத் தண்ணி மயிலா. ஆரோ கலக்கட்டும்னு உட்டுட்டு நான் இங்க உக்கோந்திருக்கறதா?"

அவள் தூக்குப்போசியை எடுத்துவர உள்ளே போனாள். அன்றைக்கு மத்தியானம் அவர் தூக்குப்போசியைத் திறந்தபோது, சோறு ஒரு ஆளுக்கு உண்டானதைவிட அதிகமாக இருந்தது. கம்பெனித் தொட்டியோரம் அவரும் சென்னியப்பனும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இன்றைக்கு என்ன குழம்பு மச்சான், நன்றாக மணக்கிறதே என்று சென்னியப்பன் சொல்லப்போய் வாயை மூடிக்கொண்டான். ராக்கியப்பன், பரவாயில்லை மாப்பிள்ளை, எப்படி மணக்கிறது என்று சொல் என்றார். அவன் சொன்னான். கொத்தமல்லி வறுத்து அரைத்திருக்கிறது, அம்மா வைப்பது மாதிரியே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கை சோறு எடுத்தான். ராக்கியப்பன் தலையாட்டிக்கொண்டு கேட்டார்.

அடுத்த வருசம் தை மாதத்தில் முதல் தொட்டித் தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்தது. ஜெசிந்தா சோதித்துப் பார்த்து, போகலாம் என்றாள். அன்று சாயங்காலம் மாடுகள் பட்டிக்குத் திரும்பும் நேரத்தில், தெளிந்த தண்ணீர் மட்டும் தனியாக எழுந்து, கேட்டைத் தாண்டி ரோட்டில் இறங்கி நடந்தது. தோட்டக்காரர்கள் தங்கள் கிணற்றுக்கு வருமென்று மேட்டில் நின்று பார்த்தார்கள். அது அவர்கள் காடுகளையெல்லாம் கடந்து, பிள்ளையார் கோயிலையும் கடந்து, ஊருக்குக் கிழக்கே கடைசியில் இருக்கும் காலனியின் பொதுக் கிணற்றில் போய் இறங்கியது. லாரி எப்போதும் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் அதுதான். சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் தண்ணீர் தானாக நடந்து போனதால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்று தெரியாமல் விட்டுவிட்டார்கள். காலனிப் பெண்கள் கிணற்றைச் சுற்றி நின்று தண்ணீர் ஏறும் சத்தத்தைக் கேட்டார்கள். அப்புறம் அந்தச் சத்தத்துக்கு ஊர் பழகியது. தெளியத் தெளிய ஒவ்வொரு கிணற்றுக்கும் தண்ணீர் திரும்பியது, எந்தக் கிணற்றுக்கு எப்போது என்பதை அதுவே முடிவு செய்தது.

மிஞ்சிய திப்பிதான் பெரும்பாடாக இருந்தது. பிழிந்து காயவைத்த பச்சைக் கட்டிகள் சாக்குச் சாக்காக ஷெட்டை நிறைத்தன. எந்த ஊரும் அதை ஏற்கவில்லை. பக்கத்து ஊர்க் குவாரிக் குழியில் கொட்டிவிடலாம், யாருக்கும் தெரியாது என்று ஒரு லாரிக்காரன் மெதுவாகச் சொன்னான். சென்னியப்பன் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினான். பல மாதம் அலைந்து, இப்படிப்பட்ட கழிவுக்கென்றே தடித்த பிளாஸ்டிக் விரித்து மூடி வைக்கும் குழி தூரத்தில் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்து ஜெசிந்தா அனுமதி வாங்கிவந்தாள். ஒவ்வொரு லாரியிலும் டிரைவர் பக்கத்தில் சென்னியப்பனே உட்கார்ந்து போய், சாக்குகள் இறங்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். அந்தப் பயணங்களுக்கு மட்டும் தண்ணீர் அவனை விட்டது. அவன் வரும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தது.

கடைசியாக ஒரே ஒரு தொட்டித் தண்ணீர் பாக்கி இருந்தது. எல்லாக் கிணறுகளும் நிறைந்துவிட்டன, மயிலாத்தாளின் கிணறு ஒன்றைத் தவிர. கம்பெனிக்குப் பக்கத்துக் காடு. அதிகமாகக் கெட்டது அதுதான். மற்றவற்றைவிட அதைத் தெளிய வைக்கப் பல மடங்கு நாளாயிற்று.

அது ஒரு சாதாரண மத்தியானத்தில் எழுந்தது. ராக்கியப்பன் ஓடிவந்து மனைவியிடம் சொன்னார். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வரப்புக்கு வந்தாள். தண்ணீர் ரோட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தது, சென்னியப்பன் அதன் பின்னால் நடந்து வந்தான், கழுவிய துடுப்பு இன்னும் கையில் இருந்தது. காட்டு எல்லைக்கல்லுக்கு வந்ததும் அவன் நின்றான். அவன் நின்றதும் தண்ணீரும் நின்றது. வேறு எந்தக் காட்டு எல்லையிலும் அது அப்படி நின்றதில்லை.

அவள் தண்ணீரைப் பார்த்தாள். அதன் வழியாக அந்தப் பக்கம் நின்றவனைப் பார்த்தாள். அவ்வளவு தெளிவாக இருந்ததால், அவன் கைகள் சுண்ணாம்பில் வெந்து தோலுரிந்து கிடந்தது தெரிந்தது. செத்துப்போன தென்னைகளின் மொட்டை மரங்கள் அவளுக்குப் பின்னால் நின்றன. அவை இனித் துளிர்க்கப்போவதில்லை. மகள் கல்யாணம் இன்னொரு முறை நடக்கப்போவதும் இல்லை. அதையெல்லாம் அவள் மறக்கவில்லை.

"எதுக்கு அங்கயே நிக்கற?" என்றாள். "வந்ததும் வந்த, சாப்புட்டுட்டுப் போ."

சென்னியப்பன் எல்லைக்கல்லைத் தாண்டிக் காலை வைத்தான். தண்ணீர் அவனுக்கு முன்னால் போய், மேட்டில் ஏறி, படிகளில் ஒவ்வொன்றாக இறங்கியது. பாறையில் தண்ணீர் மோதி ஏறும் சத்தம் அடங்கும்வரை மூன்று பேரும் கிணற்றோரம் நின்றார்கள்.

வீட்டுக்குள் அவனுக்கு இலை போட்டாள். அவன் தலை நிமிராமல் சாப்பிட்டான். இடையில் விக்கியது. அவள் எழுந்து பிளாஸ்டிக் டிரம்மிலிருந்து லாரித் தண்ணீரை டம்ளரில் மொண்டு வைத்தாள். அவன் டம்ளரைப் பார்த்துவிட்டுக் கிணற்றுப் பக்கம் பார்த்தான்.

"அதக் குடிக்கறதுக்கு இன்னும் நாளாகுமாம். இன்னொருக்கா சோதிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்னு அந்தப் புள்ள சொல்லியிருக்குது" என்றாள். அவன் இலையில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள். "நல்லாருக்குதுன்னு சொன்னதீம் போன் பண்றேன். வந்து குடிச்சுட்டுப் போ."

"செரிக்கா" என்று சொல்லி, அவன் லாரித் தண்ணீரைக் குடித்தான்.